விளக்க அறைக்கு வராதவள்

அக்காவுக்குப் பிறவியிலேயே உம்மணாமூஞ்சி. கைக்குழந்தையாக இருந்தபோது எடுத்த போட்டோவில்கூடப் புகார் வாங்க உட்கார்ந்திருக்கும் அதிகாரி மாதிரிதான் பார்த்துக்கொண்டிருப்பாள். சந்தோஷமோ துக்கமோ, வந்தால் உள்ளே ஒரு மூலையில் உட்கார்ந்துகொள்ளுமே தவிர முகத்துக்கு வந்து எட்டிப்பார்க்காது. "உன் கல்யாண போட்டோவப் பாத்தா, யாரோ உன்னக் கடத்திட்டு வந்து நிக்க வெச்ச மாதிரி இருக்குக்கா" என்று தங்கை சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். லிஃப்ட் ரிப்பேர் பார்க்கும் புருஷன் ஒருவன்தான் அந்த முகத்தைப் படிக்கப் பழகியிருந்தான். வலது புருவம் லேசாக இறங்கினால் சிரிக்கிறாள் என்று அர்த்தம்.

அப்பேர்ப்பட்ட முகத்துக்கும் ஒரு உத்தியோகம் காத்திருந்தது. மன அழுத்த ஹார்மோன் ஆராய்ச்சி நிலையத்தில் தரை துடைக்கும் வேலைக்கு மனுப் போட்டிருந்தாள். மனுவை வாங்கிய பேராசிரியர் அவள் முகத்தைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு ஜோக் சொல்லிப் பார்த்தார். பிறகு தனக்குத் தீராத வியாதி என்று சொல்லிப் பார்த்தார். எதற்கும் ஒன்றும் அசையவில்லை. மனிதருக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"இந்த முகத்த வெச்சுக்கிட்டா தரையத் தொடைக்கப் போறீங்க? அறிவியலுக்கு எவ்வளவு பெரிய நஷ்டம் தெரியுமா அது?" என்றார்.

வேலை இதுதான். ஒரு நீள மேசை. அதன் பின்னால் வெள்ளைக் கோட்டு போட்ட மூன்று பேர், நடுவில் அக்கா. எதிரே ஒரு கேமரா, எதனுடனும் இணைக்கப்படாத ஒரு மைக். வேலைக்கு நேர்காணல் என்று நம்பவைத்து ஒருவரை உள்ளே அனுப்புவார்கள். தான் ஏன் தகுதியானவர் என்று அவர் பேச வேண்டும். பிறகு ஒரு பெரிய எண்ணைச் சொல்லி, அதிலிருந்து பதினேழு பதினேழாகக் குறைத்துக்கொண்டே வரச் சொல்வார்கள். அவர் தடுமாறினால் அக்கா சொல்ல வேண்டிய வசனம், "உங்களுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. தொடருங்கள்." தப்பு விட்டால், "தவறு. முதலிலிருந்து ஆரம்பியுங்கள்." வேறு வார்த்தை கிடையாது. சிரிக்கக் கூடாது, முறைக்கக் கூடாது, தலையசைக்கவே கூடாது. பயந்தவர்களின் எச்சிலில் கார்டிசால் என்ற ஹார்மோன் ஏறும். அதுவும் தேர்வில் ஒரு பகுதி என்று சொல்லி, முன்னும் பின்னும் சின்னக் குழாயில் எச்சிலைத் துப்பவைத்து, எவ்வளவு ஏறிற்று என்று கோடு போட்டுப் பார்ப்பார்கள். நல்லபடியாக ஏறினால் அன்று நிலையத்தில் எல்லோருக்கும் குஷி.

எல்லாம் முடிந்ததும் அவரைப் பக்கத்து அறைக்குக் கூட்டிப்போய் டீயும் பிஸ்கட்டும் கொடுத்து, "இதெல்லாம் நடிப்புங்க, இங்க வேலையும் இல்ல, அவங்க ஆபீசரும் இல்ல" என்று உண்மையைச் சொல்லிவிடுவார்கள். அதற்கு விளக்க அறை என்று பெயர். சிலர் சிரிப்பார்கள், சிலர் திட்டுவார்கள், ஒருவர் பிஸ்கட்டைத் தூக்கி எறிந்திருக்கிறார். நிலையத்தின் மனசாட்சியே அந்த அறைதான் என்பார் பேராசிரியர். சின்ன அறை. உடைந்த நாற்காலிகளையும் அங்கேதான் போட்டு வைத்திருந்தார்கள்.

அக்காவோடு உட்கார்ந்தவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். ஒருவர் இரக்கப்பட்டுத் தலையாட்டிவிட்டார். இன்னொருவருக்குத் தும்மல் நின்றபாடில்லை. அக்கா மட்டும் அசையாமல் இருந்தாள். மன அழுத்த ஆராய்ச்சியாளர்களின் பேரவை முழுக்க அவள் புகழ் பரவியது.

அந்தப் பெண் வரும் வரைக்கும் அக்காவுக்கு இது ஒரு வேலை, அவ்வளவுதான். யாரிடமோ இரவல் வாங்கிய பெரிய கோட்டைப் போட்டுக்கொண்டு, நீண்டு தொங்கிய கையை மடித்துவிட்டுக்கொண்டு வந்தாள் அவள். முதல் இரண்டு வாக்கியம் தெளிவாக வந்தது. மூன்றாவது பாதியில் நின்றுபோயிற்று. மற்ற இருவரை விட்டுவிட்டு அக்காவின் முகத்தையே பார்த்தாள். அந்த முகத்தில் பிடித்துக்கொள்ள ஏதாவது கிடைக்குமா என்று தேடினாள்.

"நான் சரியாத்தான சொல்றேன், மேடம்?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"உங்களுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. தொடருங்கள்" என்றாள் அக்கா.

பெண் சத்தமே இல்லாமல் அழுதாள். அழுதுகொண்டே பதினேழு பதினேழாகக் குறைத்தாள். மணி அடித்ததும் நன்றி சொன்னாள். அந்த அறைக்கு இரண்டு கதவு. ஒன்று விளக்க அறைக்கு, இன்னொன்று மாடிப்படிக்கு. அவள் மாடிப்படிக் கதவைத் திறந்துகொண்டு போய்விட்டாள். மேசை விளக்கு அணையும் வரை குழுவினர் எழுந்திருக்கக் கூடாது என்பது விதி. அக்கா எழுந்திருக்கவில்லை. படியில் அவள் இறங்குகிற சத்தம் மட்டும் கேட்டது.

அன்றிலிருந்து அந்தச் சத்தம் அக்காவை விடவில்லை. பாத்திரம் கழுவினால் தண்ணீருக்கு நடுவே கேட்கும். பஸ்ஸில் போனால் முன் சீட்டில் மடித்துவிட்ட கோட்டுக் கை தெரியும். ஓடிப்போய்ப் பார்த்தால் வேறு யாரோவாக இருக்கும். வேலை வேலை என்று அலைந்து, நிஜமாகவே நேர்காணலில் தோற்றுவிட்டோம் என்று நம்பிக்கொண்டு அந்தப் பெண் இந்த ஊரில் எங்கோ நடமாடிக்கொண்டிருக்கிறாள். யாரும் அவளுக்குச் சொல்லவில்லை.

வீட்டிலும் காரியம் கெட்டது. அக்காவின் புருவம் இறங்குவது அடியோடு நின்றுபோயிற்று. ஒருநாள் காலையில், லிஃப்டில் மாட்டிக்கொண்ட ஒரு கனவானின் கதையைப் புருஷன் சிரிக்கச் சிரிக்கச் சொல்ல ஆரம்பித்தான். பாதியில் திக்கினான். நெற்றி வேர்த்தது. கடைசியில் கதையை முடிக்காமலே எழுந்துவிட்டான்.

"என்னை அப்படிப் பாக்காத. உன் முன்னாடி பேசுறப்ப எல்லாம் ஃபெயில் ஆயிடுவேனோன்னு பயமா இருக்கு" என்றான்.

அக்கா பேராசிரியரிடம் போனாள். அந்தப் பெண்ணைக் கண்டுபிடித்து ஒரு வார்த்தை சொல்லிவிடும்படி கேட்டாள்.

"யாரு என்னன்னு நமக்குத் தெரியக் கூடாதும்மா. தெரிஞ்சா ரகசியக் காப்பு போயிடும். அவங்க நமக்கு ஒரு நம்பர்தான்" என்றார்.

"அந்த நம்பர்கிட்டயாவது சொல்லுங்க, சார்."

"நம்பர்கிட்ட எப்படிம்மா பேசறது?" என்று வருத்தமாகக் கேட்டார் பேராசிரியர். மூன்று வருடமாக அவள் கேட்கும்போதெல்லாம் அதே வருத்தத்தோடு அதையே சொன்னார்.

அந்த வருடப் பேரவைக் கூட்டத்தில் அக்காவுக்குக் கேடயம் தருவதாக முடிவாயிற்று. 'நடுநிலை முகம்' என்று ஒரு விருது. நூற்றுக்கணக்கான விஞ்ஞானிகள் வருவார்கள். கையில் மைக்கைக் கொடுத்தால் எல்லோர் முன்னாலும் கேட்டுவிடுவது என்று அக்கா மனசில் கட்டிக்கொண்டு போனாள்.

கூட்டம் ஒரு பெரிய ஹோட்டலில். வாசலிலேயே எல்லோரும் குழாயில் துப்பிவிட்டுத்தான் கழுத்து அட்டையை வாங்க வேண்டும். துப்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பு காபி, டீ எதுவும் தொடக் கூடாது. ஒவ்வொரு அமர்வுக்கு முன்னாலும் துப்ப வேண்டியிருந்ததால் நாள் முழுக்கக் காபியே கிடையாது. ஆனாலும் காபிப் பாத்திரங்களை வரிசையாக வைத்து, மூடி போட்டு, பக்கத்தில் ஒரு காவலாளியையும் நிறுத்தியிருந்தார்கள். பதினோரு மணிக்கெல்லாம் அறிஞர்கள் பேயறைந்தவர்கள் மாதிரி அந்தப் பாத்திரங்களைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். ஒரு நாற்காலிக்காக இரண்டு பேர் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். யாரும் விலக்கவில்லை. இருவர் வாயிலும் குழாயை நீட்டினார்கள்.

முதல் அமர்வு, மன அழுத்தம் என்றால் என்ன என்பது. பேரவை தொடங்கிய காலத்திலிருந்து நடந்துவரும் அமர்வு. இந்த முறையும் முடிவுக்கு வரவில்லை. எதை ஆராய்கிறோம் என்பதில் கருத்து வேறுபாடு இருந்தாலும், அது உலகமெங்கும் கூடிக்கொண்டே போகிறது என்று ஒருமனதாகத் தீர்மானம் போட்டார்கள். கொடுத்த நேரம் தாண்டினால் மணி அடித்து மைக்கை அணைத்துவிடுவார்கள். ஒரு இளம் ஆராய்ச்சியாளர் மணிச் சத்தத்தில் மயங்கி விழுந்தார். தண்ணீர், தண்ணீர் என்று அக்கா எழுந்தாள். "இருங்க, இருங்க, தண்ணி குடுத்தா எச்சில் சாம்பிள் கெட்டுடும்" என்று பக்கத்திலிருந்தவர் அவளை இழுத்து உட்கார வைத்தார்.

பிறகு, ஆய்வில் உயிர்நீத்த எலிகளுக்கு ஒரு நிமிட மௌனம். செயலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு பேசினார்.

"அவற்றின் ஒத்துழைப்புக்கு ஈடு இணை இல்லை. ஒன்றுகூட நடுவில் எழுந்து, எதற்காக என்று கேட்டதில்லை. மனிதர்களை ஆராய வந்த பிறகுதான் நமக்கு எலிகளின் அருமை தெரிகிறது."

எல்லோரும் எழுந்து நின்றார்கள். அக்காவும் நின்றாள். அந்த மௌனத்தில் அவளுக்குப் படிச்சத்தம் கேட்டது. ஹோட்டலின் தரை முழுக்கக் கம்பளம்.

கேடயத்தைக் கொடுத்தார்கள். கனமான கேடயம், அதில் கண், மூக்கு, வாய் எதுவும் இல்லாத ஒரு முகம். அக்கா மைக்குக்குக் கை நீட்டினாள். செயலாளர் மைக்கைத் தன் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்விட்டார். "நீங்க பேசினா நடுநிலை போயிடும்மா" என்று காதருகே சொல்லி, படி இறங்கக் கை கொடுத்தார்.

அடுத்து பேராசிரியரின் சிறப்புரை. திரையில் ஒரு கோடு தெரிந்தது. ஏறி, உச்சிக்குப் போய், மடமடவென்று இறங்கியது.

"இது சாதாரணப் பங்கேற்பாளர்" என்றார். "ஒரு மணி நேரத்தில் இறங்கிவிடுகிறார். காரணம் விளக்க அறை. மனம் திறந்து சொல்கிறேன், நம் துறையின் வளர்ச்சிக்குப் பெரும் தடையாக இருந்துவருவது விளக்க அறைதான்."

கைதட்டினார்கள். அடுத்த கோடு வந்தது. அது ஏறியது. இறங்கவில்லை. திரையின் ஓரம் வரை போய், அடுத்த படத்திலும் தொடர்ந்து, அதற்கடுத்த படத்திலும் போய்க்கொண்டே இருந்தது. அரங்கில் யாரோ பெருமூச்சு விட்டார்கள்.

"இவர் எங்கள் அதிர்ஷ்டம். கதவு மாறிப் போய்விட்டார். வீட்டில் வைத்து எச்சில் எடுத்து அனுப்ப மூன்று நாளைக்கான குழாய்கள் முன்கூட்டியே அவரிடம் கொடுக்கப்பட்டிருந்தன. தவறாமல் அனுப்பினார். ஒரு குழாய் வந்து சேர்ந்தால் புதுப் பெட்டி ஒன்றை அனுப்பிவைப்பது எங்கள் ஸ்டோரின் வழக்கம். அனுப்பினார்கள். அவரும் அனுப்பினார். யாரும் தொடங்கவில்லை, எனவே யாரும் நிறுத்தவில்லை. மூன்று வருடங்கள்! அவர் இதைத் தேர்வின் அடுத்த கட்டம் என்று எண்ணுவதாகத் தெரிகிறது. ஒவ்வொரு குழாயோடும், முடிவு எப்போது தெரியும் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி அனுப்புகிறார். சீட்டு ஹார்மோன் அல்ல என்பதால் அதை நாங்கள் ஆய்வில் சேர்க்கவில்லை."

அக்காவின் மடியிலிருந்து கேடயம் நழுவிக் கம்பளத்தில் விழுந்தது. யாருக்கும் தெரியாது, யாரு என்னன்னே தெரியக் கூடாது என்றாரே. பெட்டியின் மேல் விலாசம் எழுதித்தானே அனுப்பியிருப்பார்கள்?

கேள்வி நேரம் வந்ததும் எழுந்து நின்றாள். கேள்வி கேட்பவர் முதலில் அருமையான உரைக்கு நன்றி சொல்ல வேண்டும் என்றார்கள். சொன்னாள். எந்த நிறுவனம் என்றார்கள். அதையும் சொன்னாள். பிறகு கேட்டாள்:

"சார், அந்தப் பொண்ணுகிட்ட... அந்த வேலையே இல்லன்னு யாராச்சும்..."

அரங்கு முழுவதும் அவள் பக்கம் திரும்பியது. எல்லோரும் இதே தொழிலில் ஊறியவர்கள். ஒரு முகத்திலும் ஒன்றும் இல்லை. நூற்றுக்கணக்கான முகங்கள், வரிசை வரிசையாக, துடைத்து வைத்த தட்டுகள் மாதிரி. அக்காவுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அடுத்த வார்த்தை வரவில்லை. உள்ளங்கை ஈரமாயிற்று. இத்தனை வருடமும் மேசைக்கு அந்தப் பக்கம் நின்றவர்களுக்கு இப்படித்தான் இருந்திருக்கிறது என்று அப்போதுதான் உடம்பில் உறைத்தது. வெட்கமாக இருந்தது. ஓடிவிடலாம் போல இருந்தது. நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு, "சொல்லியாச்சா, இல்லையா?" என்று ஒருவழியாக முடித்தாள்.

பேராசிரியர் அறநெறிக் குழுத் தலைவியைப் பார்த்தார். அவர் எழுந்தார். கனிவான குரல் அவருக்கு.

"மிக முக்கியமான கேள்வி. எங்கள் குழு இதைப் பல முறை விவாதித்திருக்கிறது. இந்தப் பங்கேற்பாளருக்கு மன அழுத்தம் தர நாங்கள் வழங்கிய அனுமதி ஒரே ஒரு நாளைக்கானது. மூன்று வருடம் காத்திருந்தது வீண் என்று இன்று அவரிடம் சொன்னால், அவருக்குக் கடுமையான மன அழுத்தம் ஏற்படும். அதற்கு அனுமதி இல்லை. அனுமதி இல்லாமல் ஒரு மனிதரைத் துன்புறுத்த அறநெறிக் குழு ஒருபோதும் இடம் கொடுக்காது. ஆகவே, அவருடைய நலன் கருதி, சொல்லவில்லை."

இந்த முறை கைதட்டல் நெடுநேரம் நீடித்தது. செயலாளர் கூட்டத்துக்குள் புகுந்து அக்காவிடம் வந்தார். கையில் ஒரு குழாய். "இப்பவே துப்பிடுங்கம்மா. இந்த மாதிரி நேரத்துல எடுத்தா அருமையா வரும்."

"இன்னொரு நற்செய்தி" என்றார் பேராசிரியர் மேடையிலிருந்து. "அவரை இன்று இங்கேயே வரவழைத்திருக்கிறோம். கூட்டத்தில் பங்கேற்க வரவும் என்று மட்டும் எழுதினோம். அதில் பொய் ஒரு சொல்லும் இல்லை. வெளியே காத்திருக்கிறார். மதியத்துக்குப் பிறகு உங்கள் முன்னிலையிலேயே அளந்து காட்டுவோம்."

அக்கா செயலாளரைத் தள்ளிவிட்டு நடந்தாள். கேடயத்தை எடுக்கவில்லை.

வராந்தாவின் கோடியில், காலி நாற்காலி வரிசையில், கடைசியில் உட்கார்ந்திருந்தாள் அவள். அதே கோட்டு. அன்று மடித்துவிட்டிருந்த கை இன்று அளவாக இருந்தது; பிரித்துத் தைத்திருந்தாள். கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருந்தது. காதோரம் இந்த வயதுக்கு வரக் கூடாத நரை. அக்காவைக் கண்டதும் துள்ளி எழுந்தாள்.

"வணக்கம், மேடம். நீங்களேதான் இன்னைக்கும் இருப்பீங்கன்னு நெனச்சேன்."

"உக்காரும்மா." அக்கா பக்கத்தில் உட்கார்ந்தாள். "மொதல்ல தண்ணி குடி."

"வேணாம் மேடம். குழாய் எடுக்கறதுக்கு முன்னாடி ஒரு மணி நேரம் குடிக்கக் கூடாதுல்ல. நான் ஒரு தடவகூட மீறினதில்ல."

"குழாய விடு. நான் சொல்றதக் கேளு. அந்த வேலையே கெடையாது. அன்னைக்கு நடந்தது அத்தனையும் நாடகம். நான் ஆபீசர் இல்ல, தரை தொடைக்க வந்தவ. நீ நல்லாத்தான் பேசின. உன்மேல ஒரு தப்பும் இல்ல. வீட்டுக்குப் போம்மா. வேற வேலை தேடிக்க."

பெண் அசையாமல் கேட்டுக்கொண்டாள். பிறகு லேசாகச் சிரித்தாள்.

"புரியுது, மேடம்."

"என்ன புரியுது?"

"ஒடைஞ்சு போறேனான்னு பாக்கறீங்க. ஒடையல பாருங்க. மூணு வருஷத்துல நெறையப் பழகிட்டேன். வேற ரெண்டு எடத்துல கூப்பிட்டாங்க, போகல. இங்க பாதியில விட்டுட்டுப் போனா என்னப் பத்தி என்ன நெனைப்பீங்க?"

"ஐயோ, சத்தியமாச் சொல்றேன்!" அக்கா அவள் இரண்டு கையையும் பிடித்தாள். சில்லென்று இருந்தன. "என்னை நம்பும்மா. கெஞ்சிக் கேக்கறேன்."

அப்போதுதான் அது நடந்தது. பிறந்ததிலிருந்து அசையாத முகம் கோணியது. உதடு துடித்தது. கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் ஒழுகியது. தடுக்க அக்காவுக்குத் தெரியவில்லை. பழக்கமே இல்லாத காரியம். தேம்பித் தேம்பி, எதிரே இருந்தவள் பார்க்கப் பார்க்க அழுதாள்.

பெண் அந்த முகத்தை மிகவும் கவனமாகப் பார்த்தாள். அவள் நெற்றியில் பொடிப்பொடியாக வேர்வை அரும்பியது.

"அன்னைக்குக் கல்லாட்டம் உக்காந்திருந்தீங்க. அதத் தாங்கிட்டேன்" என்றாள். "கடைசி ரவுண்டு கஷ்டமா இருக்கும்னு தெரியும். இவ்வளவு கஷ்டமா இருக்கும்னு நெனைக்கல, மேடம்."

அக்காவின் பிடியிலிருந்து கையை மெல்ல விடுவித்துக்கொண்டாள். கோட்டின் முன்பக்கத்தை நீவிவிட்டாள். முதுகை நிமிர்த்தி, அழுகிற முகத்துக்கு நேராகத் திரும்பி உட்கார்ந்தாள்.

"நான் ரெடி. எதுல இருந்து ஆரம்பிக்கட்டும்?"